பக்கத்து வளவுக்காரியின் மூக்கு

மீன் விற்கிறவளிடம் மீன் மணந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதற்காகத்தான் நான் மீன் விற்கப் போனேன்.

இதைச் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த என் பேத்தி நிமிர்ந்து பார்க்கிறாள். "வயித்துப் பாட்டுக்கு இல்லையா அம்மம்மா?" என்கிறாள். வயிற்றுப்பாட்டுக்கும்தான். ஆனால் எங்கள் கடற்கரை ஊர் வாகரையில் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலையும் இருந்தது. கச்சான் கடலைத் தோட்டத்துக்குப் போகலாம், வயலில் புல்லுப் பிடுங்கலாம், பன் புல்லில் பாய் இழைக்கலாம். அந்த வேலைக்கெல்லாம் நாலைந்து பெண்கள் முழங்கால் முட்ட உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குக் கதை பேசக் கொள்ளை ஆசை. இப்போதும் பாருங்கள், வாய் மூடுகிறதா? ஆனால் முழங்கால் முட்ட உட்காரத்தான் முடியாது. மீன் கூடை தலையில் இருந்தால் அந்தக் கவலை இல்லை. எட்ட நின்று கூப்பிடுவார்கள், எட்ட நின்று வாங்குவார்கள், நானும் நடந்துவிடுவேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் வாயால் சொல்வதை இவள் எழுதுகிறாள். என் பேச்சைக் கழுவித் துடைத்துப் பள்ளிக்கூடத் தமிழாக்கிவிடுகிறாள், கள்ளி. மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் பக்கத்து வளவுக்காரி, அதுதான் அடுத்த வீட்டுக்காரி, வேலியால் எட்டிப் பார்த்து, நான் எப்போது அப்படிப் பேசினேன் என்று சண்டைக்கு வருவாள்.

எழுத்து ஏன் தெரியாது என்றால், அதுவும் இந்த மணத்தால்தான். சின்ன வயதில் அது வரும், போகும். நாங்கள் கடற்கரையில் இருக்கிறோம், எல்லார் வீட்டிலும் மீன்தான், யார் கவனிப்பார்கள்? பாலர் வகுப்பில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்த பிள்ளை கவனித்தது. அது மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கின் அந்த நுனிக்குப் போய்விட்டது. நான் எழும்பியதும் வாங்கு சரிந்து அது விழுந்தது. வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு நான் வீட்டில் நின்றேன். அந்தக் காலத்தில் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் வராவிட்டால் தேடி வர ஆள் இல்லை. பெரிய பிள்ளையானதும் அது என்னோடு குடித்தனமே வைத்துவிட்டது. என் அம்மா என்னைக் கிணற்றடியில் இருத்தி, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைப் போட்டு, தேங்காய்த் தும்பால் உரஞ்சி உரஞ்சிக் குளிப்பாட்டுவா. குளித்துவிட்டு வந்தால் முன்பை விட மோசம். "என்ன பாவம் செஞ்சமோ" என்று அம்மா சொல்வா. என்ன பாவம் என்று நானும் யோசித்துப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு மரத்தில் விளாம்பழம் களவெடுத்ததைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வராது.

என்னை ஒருவர் கட்டினாரே என்று நினைக்கிறீர்களா? அவர் தோணிக்காரர். வாயில் சுருட்டு இல்லாமல் அவரை நான் கண்டது தூக்கத்தில் மட்டும்தான். அவருக்கு மூக்கு இருந்தது முகத்துக்கு அழகாக. ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், என்னில் ஏதும் மணக்கிறதா என்று. சுருட்டை எடுக்காமலே, "கடல்காரன்ட பொஞ்சாதி கடல் மணக்காம, மல்லிகைப் பூவா மணப்பாள்?" என்றார். அன்றைக்கு நான் இரண்டு மடங்கு சோறு தின்றேன். நல்ல மனிசன். சுனாமிக்கு முன்னமே காய்ச்சலில் போய்விட்டார்.

சுனாமியைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். இதை என் மகள் வாசிப்பாள். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அவள் புருஷன் திரும்பி வரவில்லை. அவன் எனக்கு மருமகன் மட்டுமில்லை, என் அண்ணனின் மகனும்தான். மகளும் பேத்தியும் கோயிலடி மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். நான் கூடையோடு கடலை விட்டு உள்ளுக்கு, வயல்காரர் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். பிறகு முகாம், கூடாரம். கொஞ்சக் காலத்தில் மகள் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். பேத்தியும் நானும் மிஞ்சினோம்.

அந்த மாதங்களில் எங்கள் கரையில் ஒருவரும் கடல் மீன் தின்னவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடலுக்குள் யார் யார் கிடந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மீன் இல்லை, கூடை இல்லை, விற்கவும் இல்லை. முகாமில் பருப்பும் மாவும் சோயாவும் டின் மீனும் தந்தார்கள். டின் மீனை மற்றவர்கள் தொட மாட்டோம் என்றார்கள். அது வேறு கடல் மீன்தானே என்று நான் தின்றேன். ஆக, ஊர் முழுக்க மீன் வாடை விட்டுப் போன நேரத்தில், நான் ஒருத்தி மட்டும் மணந்துகொண்டு நின்றேன்.

தண்ணீர்க் குழாயடி வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் ஒரு குடம் வைக்கிற இடம் விட்டு நிற்பார்கள். மரியாதை என்று நான் நினைத்துக்கொள்வேன். பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவள்தான் வாய் திறந்து கேட்டாள். அவளுக்கு என்னை விட வயது குறைவு, வாய் கூட.

"என்னக்கா, கடல் கொண்டு போன கூடைய நீங்க மட்டும் திருப்பி எடுத்திட்டீங்களா?"

"ஏன்கா?"

"இல்ல, மணக்குது. அதான் கேட்டன்."

"இத்தின வருசம் தலையில சுமந்தது, ஒரு நாளில போகுமா?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் வந்ததும் வாசல் துணியை இழுத்து மூடினேன். அதுவரை எனக்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் கடலுக்குள் போய்விட்டது.

பிறகு சனம் மீன் தின்னத் தொடங்கியது. நானும் கூடையைப் பிடித்தேன், அப்பாடா என்றிருந்தது. அதற்குள் சண்டை வந்தது. ஷெல் விழ விழ வாகரையை விட்டு ஓடினோம், காட்டாலும் ஆற்றாலும். அந்த நடையைச் சொல்லத் தொடங்கினால் இது முடியாது. மட்டக்களப்புப் பக்கம் ஒரு முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். கூடாரத்துக்குள் பாயை விரித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், பக்கத்துக் கூடாரத்தில் அவள்! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள், "எங்க போனாலும் உங்கட மணத்தப் பிடிச்சிட்டே வந்திருவன் போல" என்றாள்.

அந்தக் கூடாரத்தில்தான் என் பேத்தி பெரிய பிள்ளையானாள்.

தாய் வெளிநாட்டில், தகப்பன் இல்லை. இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று நின்றேன் நான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெரிசானால் விடியற்காலையில் பச்சை முட்டை குடிக்கக் கொடுப்போம். அந்த முட்டைக் கோது நிறைய நல்லெண்ணெய் ஊற்றி அதையும் குடிக்க வைப்போம். பிறகு உழுந்துக் களி. இடுப்பு வலுக்கும், நாளைக்குப் பிள்ளை பெற உடம்பு தாங்கும். முகாமில் முட்டைக்கு எங்கே போவது? முஸ்லிம் சனம் இருக்கிற ஏறாவூருக்கு நடந்தேன். ஒரு சோனகப் பெண்ணின் வீட்டு முற்றத்தில் கோழி நின்றது. கதவடியில் எட்ட நின்று கேட்டேன்.

"புள்ள பெரிசாகிட்டாளா? உம்மா எங்க?"

"வெளிநாட்டில."

"அப்ப அடை வைக்க எடுத்து வச்சத நீங்க கொண்டு போங்க. கோழி கோவிக்கும், கோவிக்கட்டும்."

இன்றைக்கும் அந்தப் பெண்ணை நினைத்தால் கும்பிடத் தோன்றும். முடிந்த போதெல்லாம் போய் வாங்கி வந்தேன். சொந்தக்காரர் ஆட்டு ஈரல் கொண்டுவந்தார்கள், அதையும் பொரித்துக் கொடுத்தேன். பிள்ளை ஓங்காளிக்கும். "அம்மம்மா, ஏலாது" என்று கையைத் தட்டிவிடும். "மூக்கப் பொத்திட்டுக் குடி மகள், ஒரே மடக்கு" என்பேன். நானே மூக்கைப் பொத்திவிடுவேன்.

கொஞ்ச நாளில் பக்கத்துக் கூடாரத்துக்காரி வெளியே நின்று சத்தம் போட்டாள். "ஆருகா கூடாரத்துக்குள்ள கருவாடு காயப் போட்டிருக்கிற? இந்த வெக்கையில சனம் இருக்கிறதில்லையா?"

நான் என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். வாயில் பதிலும் வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் பேத்தி தன் தோளை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகாமுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட பள்ளிக்கூடம் ஒன்று நடந்தது. அதில் பிள்ளைகள் இவளுக்குச் சூடை என்று பெயர் வைத்தார்கள். சூடை நல்ல மீன்தான், பொரித்தால் முள்ளோடு தின்னலாம். ஆனால் ஒரு பிள்ளையைப் பார்த்து வகுப்பே சொன்னால் அது வேறு. இவள் வாய் திறந்து என்னிடம் சொல்லவில்லை. குழாயடியில் உடுப்புச் சவர்க்காரத்தைப் போட்டு உரஞ்சிக்கொண்டு நின்றதைக் கண்டுதான் எனக்கு விளங்கியது. கை உரிந்து, கழுத்து உரிந்து சிவந்து கிடந்தது. பிறகு தலையிடி என்றாள், வயிற்றுக்குத்து என்றாள், பள்ளிக்குப் போகவில்லை. எங்களை வாகரைக்குத் திரும்பிப் போக விட்டார்கள். அங்கேயும் பள்ளிக்கூடம் திறந்தது. அங்கேயும் போகவில்லை. கணக்கில் கெட்டிக்காரி. வகுப்பு ரீச்சர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து கேட்டா, இவள் அறையை விட்டு வரவில்லை.

ஒரு காலை நான் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று சொன்னாள்:

"அம்மம்மா, எனக்கும் ஒரு கூடை வாங்கித் தாங்க. நானும் மீன் விக்க வாறன்."

நான் திரும்பவில்லை. கூடையை இன்னும் ஒரு தரம் கழுவினேன், இன்னும் ஒரு தரம். நான் ஒரு ஆளுக்கும் சொல்லாமல் ஒளிந்திருந்த இடத்தை இந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. பக்கத்தில் கொஞ்சம் இடம் விடச் சொல்கிறது. அந்த நேரம் எனக்கு வந்த வெட்கம், குழாயடியில் வந்தது போலில்லை. இவளையும் இப்படியே விட்டால், இவள் தலையில் கூடை ஏறினால், பிறகு அது இறங்காது என்று எனக்குத் தெரியும். என்னைத் தெரியாதா எனக்கு?

அடுத்த நாள் இவளைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினேன்.

வழியில் ராணுவச் சாவடியில் இறக்கிச் சோதித்தார்கள். பெண்களுக்கு ஓலையால் மறைத்த ஒரு சின்ன அறை. உள்ளே சிங்களப் பிள்ளை ஒன்று, ஆமி உடுப்பில். என்னைத் தடவியதும் முகம் சுளித்தது. "மாளு?" என்றது. மாளு என்றால் மீன். "ஓம், மாளு" என்று நான் பல்லைக் காட்டினேன். எனக்குப் பின்னால் பேத்தியைத் தடவிவிட்டு அவளிடமும் "மாளு?" என்றது. வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக நின்ற இவள், கண் சிமிட்டாமல் "மாளு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டொக்டர். முன்னம் ஊரில் மருந்து கொடுக்கிற ஐயா ஒருவர், நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் குளி என்று சொல்லி அனுப்பியிருந்தார். இவவும் அதைத்தான் சொல்லப்போகிறா என்று நினைத்தேன். சொல்லவில்லை. இவளின் உரிந்த கையைப் பிடித்துப் பார்த்தா. பிறகு என்னிடம், "அம்மா, புள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?" என்று கேட்டா.

எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. சாப்பாட்டில் என்னைக் குறை சொல்ல முடியுமா? பச்சை முட்டை, ஈரல், உழுந்து, சோயா, சூரை மீன், கணவாய் என்று அடுக்கினேன். வறுமையிலும் நான் எப்படி வளர்க்கிறேன் பாருங்கள் என்று பெருமையோடு. டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டா.

"ஐயோ அம்மா, எது எது கூடாதோ அத எல்லாம் பாத்துப் பாத்துக் குடுத்திருக்கிறீங்க."

பிறகு இவளைப் பார்த்துத்தான் விளக்கினா. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். முட்டை, ஈரல், சோயா, கடல் மீன், இவற்றில் இருக்கிற ஒரு சத்தை வயிற்றுக்குள் வாழ்கிற கிருமிகள் உடைக்குமாம். அப்போது அழுகின மீன் போல் மணக்கிற ஒன்று வருமாம். எல்லார் வயிற்றிலும் வருமாம், டொக்டர் வயிற்றிலும்! மற்றவர்களின் ஈரல் அதை மணமில்லாததாக மாற்றிப்போடும். சில பேருக்கு ஈரல் அந்த வேலையைச் செய்யாது. அதனால் அது வேர்வையிலும் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியே வரும். பெண்பிள்ளை பெரிசானால் கூடும், மாதாமாதம் அந்த நாட்களில் இன்னும் கூடும்.

"இது அழுக்கில்ல, மகள்" என்றா.

"திருப்பிச் சொல்லுங்க டொக்டர்" என்றேன் நான்.

"இது அழுக்கில்ல அம்மா. குளிக்காததால வாறதில்ல. பிறப்பில வாறது. தாய்ட பக்கத்தாலயும் தகப்பன்ட பக்கத்தாலயும் ஒவ்வொண்டு வந்து சேந்தாத்தான் வரும்."

எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய்வழியாகத்தான் வரும். நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் தாயின் குடிக்குத்தான் பெயர். தகப்பன் பக்கமும் உண்டு என்றதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, சுமையில் பாதியை இறக்கலாமே என்று. பிறகுதான் யோசித்தேன். தகப்பன் யார்? என் அண்ணன் மகன். எப்படிச் சுற்றி வந்தாலும் என் வாசலுக்குத்தான் வருகிறது. சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் இப்படி இரண்டும் வந்து சேர்வது அதிகம் என்றா டொக்டர். அதற்குப் பிறகு கேட்டா:

"குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடி இருக்கா?"

மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நான் உள்ளே வந்த உடனேயே காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, கதவோரமாகத்தான் இருந்தேன். அது என் பழக்கம். டொக்டர் என்னையே பார்த்தா. மீன் விற்கிறேன் என்று சொல்லலாம். இத்தனை வருஷமும் சொன்னதுதானே, நாக்கு நுனியில்தான் நின்றது. பேத்தியும் என்னைப் பார்த்தாள்.

"எனக்கும்தான்" என்றேன். "சின்னனில இருந்து."

என் முகம் நெருப்பாகச் சுட்டது. சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். இவள் சொல்கிறாள், நான் சொன்னது டொக்டருக்குக் கேட்கவே இல்லையாம், அவ்வளவு மெதுவாம். இவளுக்குக் கேட்டது.

"அப்ப நீங்க மீன் வித்தது…"

"பேசாம இரு."

இவள் பேசாமல் இருக்கவில்லை. சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு, அழுகை, மூக்குச் சளி எல்லாம் ஒன்றாக. மாதக்கணக்கில் சிரிக்காத பிள்ளை. டொக்டரும் சிரித்துவிட்டா. நான் மட்டும் வெட்கத்தில் குனிந்துகொண்டிருந்தேன், நானும் சிரித்துக்கொண்டுதான்.

சிறுநீரைச் சோதித்துப் பார்த்தால் நிச்சயமாகத் தெரியுமாம், ஆனால் அந்தச் சோதனை இங்கே இல்லையாம். "முதல்ல சாப்பாட்ட மாத்திப் பாப்பம்" என்றா. முட்டையும் ஈரலும் சோயாவும் கடல் மீனும் குறைக்க வேண்டும், ஆனால் ஒரேயடியாக வெட்டக்கூடாது. அந்தச் சத்து வளர்கிற பிள்ளைக்கு வேண்டியதுதானாம். குளத்து மீன் தின்னலாமாம். குளத்து மீன்! வாகரையில் பிறந்தவளிடம் சொல்கிற பேச்சா அது? நாங்கள் அதை மீன் என்றே சொல்வதில்லை, சேற்றில் ஊறின கட்டை என்போம். கடல் இல்லாத வெல்லாவெளிப் பக்கத்து ஆட்கள் அதை வாயூறத் தின்பார்கள். இப்போது நானும் தின்கிறேன், என்ன செய்ய.

உடுப்புச் சவர்க்காரத்தைத் தொடவே கூடாது என்றா. கழுவக் கழுவ ஏன் கூடியது என்று அப்போதுதான் விளங்கியது. அந்தக் காரம் மணத்தைக் கிளப்பிவிடுமாம். கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ள சவர்க்காரம் போட்டால் தோலில் இருக்கிற மணம் அடங்குமாம். பிறகு கரிக் குளிசை, மாத்திரை என்றாலும் பார்த்தால் அடுப்புக்கரிதான். அது வயிற்றுக்குள் அந்த மணத்தைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றுக் கிருமியைக் குறைக்க ஒரு குளிசை, அது கொஞ்ச நாளைக்கு மட்டும். ஒரு விற்றமின். "இது ஒண்டும் அடியோட மாத்தாது, குறைக்கும்" என்று முகத்துக்கு நேரே சொன்னா. பொய் நம்பிக்கை தராத டொக்டர். எனக்கு அதனால்தான் அவவைப் பிடித்தது.

இப்போது பேத்தி தன் போனில் பார்த்துப் பார்த்துச் சொல்வாள். வயிற்றுக் கிருமியையே அந்த மணத்தை உண்டாக்காத மாதிரி மாற்றலாமா என்று வெளிநாட்டில் பார்க்கிறார்களாம். ஈரலுக்குள்ளேயே குறைந்த சாமானைச் செய்கிற விதையைக் கொண்டுபோய் வைக்கலாமா என்றும் யோசிக்கிறார்களாம். "ஈரலில விதைக்கிறதா? எத்தின போகம் விளையுமாம்?" என்று கேட்டேன். "இன்னும் வயல் வட்டையே உழேல்ல அம்மம்மா" என்றாள். அதுவரைக்கும் கரிக் குளிசைதான்.

கிளம்பும்போது டொக்டர் ஒன்று சொன்னா. இந்த மணம் இருக்கிறவருக்குத் தன் மணம் தெரியாது, மூக்குப் பழகிப்போயிருக்கும். குறைகிறதா என்று அறிய வெளி ஆள் ஒருவர் வேண்டும். அன்பில் பொய் சொல்லாத ஆள். "அப்பிடி ஆராவது இருக்கினமா?"

பேத்தியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஊருக்குத் திரும்பியபோது எங்களுக்குப் பக்கத்து வளவில் வீடு கிடைத்தது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்?

அந்தக் கூடாரத்துக்காரியின் வேலியடிக்கு நான் போய் நின்றபோது எனக்கு நாக்கு எழும்பவில்லை. என்னை ஊர் நடுவே கூப்பிட்டுக் கேலி செய்தவள். அவளிடம் போய், என் பிள்ளையை மோந்து பார்த்துச் சொல் என்று கேட்க வேண்டும். கடன் கேட்பது கூட இவ்வளவு வெட்கமில்லை.

"இஞ்ச வாகா. உன்ட மூக்கு வேணும்."

"என்ன?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், என்னுடையதையும். அவள் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள். அவள் பேசாமல் நின்றதை நான் கண்டது அன்றைக்குத்தான்.

"நான் என்ன நாயா, மோந்து பாத்துத் திரியிறதுக்கு?" என்றாள் பிறகு.

"நாயெண்டா முகத்தப் பாத்து வால ஆட்டும். நீ ஆட்ட மாட்டாய். அதான் வந்தன்."

"வாய்க்கொழுப்பு மட்டும் குறையல்ல உங்களுக்கு. எங்க அவள்? வரச் சொல்லுங்க."

அப்படித்தான் தொடங்கியது. காலையில் பேத்தி குளித்து, பள்ளிக்கூட உடுப்புப் போட்டு, வேலியடியில் போய் நிற்பாள். பக்கத்து வளவுக்காரி இந்தப் பக்கம் தலையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு இழுப்பாள், பூசாரி சாம்பிராணிப் புகையை இழுப்பது போல. "இருக்கு" என்பாள். உடுப்பைக் கழற்றி மடித்து வைத்துவிடுவோம். "இருக்கு, நேத்தையப் போல இல்ல" என்பாள். "இண்டைக்கென்ன, நேத்து வீட்டில முட்டையா?" என்பாள். முட்டையில்லை, ஆரோ பிறந்தநாளுக்குத் தந்த கேக்கு. அதற்குள் முட்டை இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நானும் பேத்தி சாப்பிடுவதையே சாப்பிட்டேன், தனியாக எனக்கு யார் சமைப்பது? ஒரு நாள் அவள் என்னையும் இழுத்துப் பிடித்து மோந்து, "அக்கா, உங்களுக்கும் குறைஞ்சிட்டு!" என்று கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே ஓடி ஒளிவதென்று தெரியவில்லை. ஆனால் அந்த வருஷம் கோயில் சடங்குக்குப் போய், பெண்களின் நடுவில், முழங்கால் முட்ட உட்கார்ந்தேன். உடம்பு கூசிக்கொண்டே இருந்தது. எழும்பி வரத்தான் மனமில்லை.

ஒரு காலை அவள் இழுத்தாள், இன்னும் ஒரு தரம் இழுத்தாள். "சவர்க்காரம் மட்டும்தான் மணக்குது" என்றாள். "போ புள்ள. என்னத்துக்குப் பாத்துட்டு நிக்கிற? போ, பள்ளிக்கூடத்துக்குப் போ."

இவள் போனாள். அதற்குப் பிறகு பக்கத்து வளவுக்காரி "இல்ல" என்ற நாட்களில் இவள் போவாள், "இருக்கு" என்ற நாட்களில் வீட்டில் நிற்பாள். மாதத்தில் சில நாள் எப்படியும் நிற்க வேண்டி வரும். ரீச்சர் கோபித்தா. நான் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். இதற்கிடையில் வன்னியில் சண்டை முடிந்தது. முடிந்த செய்தி வந்த நாளில் எங்கள் ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அது வேறு கதை, அதை இவள் எழுத வேண்டாம் என்கிறாள்.

பிறகு இவளுக்கு ஓ.எல். என்கிற அரசாங்கப் பரீட்சை வந்தது. கணக்குப் பரீட்சை அன்று பார்த்து, அந்த நாள். நானும் கேக்கு, முட்டை, கணவாய் ஒன்றையும் வீட்டுக்குள் விடவில்லை, குளிசையும் தவறவில்லை. என்ன செய்ய, உடம்பு கேட்குமா? காலையில் இவள் குளித்து, உடுத்து, வேலியடிக்குப் போனாள். நான் பின்னால் நின்று, பக்கத்து வளவுக்காரிக்குக் கண்ணைக் காட்டினேன். ஒரு நாள், இந்த ஒரு நாள் மட்டும் பொய் சொல்லடி என்று கையெடுத்தும் கும்பிட்டேன்.

அவள் இழுத்தாள். என்னைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள்.

"இருக்கு மகள்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வேலியைப் பிடுங்கியிருப்பேன். இவள் அசையவில்லை. கையில் பேனாவும் அளவுகோலும்.

"எவ்வளவு மாமி?"

"பக்கத்தில இருக்கிறவளுக்குத் தெரியும்."

இவள் கொஞ்சம் யோசித்தாள். அந்த நேரத்துக்குள் நான் உடுப்பை மடித்து வைக்கிற இடத்தைக்கூடப் பார்த்துவிட்டேன்.

"சோதினைக்கு எல்லாரையும் தள்ளித்தானே இருத்துவாங்க" என்றாள்.

அவ்வளவுதான். படலையைத் திறந்துகொண்டு போய்விட்டாள். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை, ஓரமாகவும் நடக்கவில்லை. அங்கே சந்தியில் மூன்று நான்கு பெண்பிள்ளைகள் நின்றார்கள். இவள் அவர்களோடு சேர்ந்தாள். ஒருத்தி மூக்கைத் தொட்டது போலிருந்தது. எனக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, அப்போதும் தெரியவில்லை. எல்லாருமாகத்தான் பள்ளிக்கூடப் பக்கம் திரும்பிப் போனார்கள்.

பக்கத்து வளவுக்காரியோடு நான் பேசவில்லை. மத்தியானம் அவளே வேலியடிக்கு வந்து நின்றாள்.

"அழுதிட்டா போனாள்?"

நான் முதுகைக் காட்டிக்கொண்டு கூடையைக் கழுவினேன்.

"உங்களத்தானே கேக்கிறன். அழுதிட்டா போனாள்?"

"இல்ல."

"அப்ப ஏன் நீங்க அழுறீங்க?" என்றாள். வேலிக்கு மேலால் ஒரு குழம்புக் கிண்ணத்தை நீட்டினாள். குளத்து மீன் ஆணம்.